ரெஸ்பெக்டட் சார்! - ஆபீஸ் மடலில் ஆச்சரியக்குறி போடலாமா?

பாளையங்கோட்டையில் ஏப்ரல் பிறந்துவிட்டால் வெயிலோடு சேர்ந்து இன்னொரு காய்ச்சலும் ஏறும். பி.காம். மூன்றாம் வருஷத்துக்காரர்கள் ஆடிட்டர் ஆபீசுக்கும், வங்கிக்கும், சென்னைக் கம்பெனிகளுக்கும் மின்னஞ்சல் அனுப்ப ஆரம்பிப்பார்கள். அப்படிப் போகிற மடல்களில் பல ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"ரெஸ்பெக்டட் சார்! ஐ ஆம் டூயிங் ஃபைனல் இயர் பி.காம்.! ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு மை ரெஸ்யூமே! கைண்ட்லி கிவ் மீ ஒன் ஆப்பர்ச்சூனிட்டி சார்!! தேங்க்யூ சார்!!!"

ஐந்து வரி. எட்டு ஆச்சரியக்குறி.

படிக்கிற ஆடிட்டர் சிரிப்பார். அல்லது முகம் சுளிப்பார். "இந்தப் பையன் ஏன் இப்படிக் கத்துகிறான்?" என்று பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்பார். மடல் போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு, அதாவது குப்பைக் கூடைக்கு, போய்ச் சேரும்.

இதற்குக் கல்லூரிகளில் ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். பிளேஸ்மெண்ட் வகுப்பு எடுக்க வருகிறவர் பலகையில் ஒரு பெரிய ஆச்சரியக்குறியை வரைந்து, அதன் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறியும் போட்டு, "ப்ரொஃபஷனல் மெயிலில் இது வரவே கூடாது" என்பார். எல்லோரும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். "வரவே கூடாது" என்பதற்குப் பின்னால் யாராவது ஒருவர் ஆச்சரியக்குறி போட்டும் எழுதியிருப்பார். :-)

இந்த மருந்தும் தப்பு, அந்த மடலும் தப்பு. ஆனால் இரண்டில் எது பெரிய தப்பு என்று கேட்டால், மருந்துதான். அந்தப் பையன் ஏன் எட்டுக் குறி போட்டான் என்று யாரும் யோசிக்கவில்லை. அவன் கத்தவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. பணிவாகப் பேச முயற்சி செய்கிறான், அவ்வளவுதான்.

எப்படி என்று பார்க்கலாம்.

பள்ளிக்கூடத் தமிழ்ப் புத்தகத்தில் நிறுத்தக்குறிகள் என்று ஒரு பாடம் வரும். அதில் இந்தக் குறிக்கு ஒன்றுக்கு இரண்டு பெயர். மகிழ்ச்சி, வியப்பு, அச்சம், இரக்கம் என்று வந்தால் அது உணர்ச்சிக்குறி. ஒருவரைக் கூப்பிடும்போது வந்தால் அதே கோடும் புள்ளியும் விளிக்குறி. "அவைத் தலைவர் அவர்களே!", "பெரியோர்களே! தாய்மார்களே!" என்று பேச்சுப்போட்டிக்கு எழுதிக் கொடுக்கிற தாளிலெல்லாம் இருப்பது இந்த விளிக்குறிதான். இதில் உணர்ச்சி ஒன்றும் கிடையாது. (பேச்சுப்போட்டியில் தலைவரைக் கண்டு யாருக்கு உணர்ச்சி பொங்கப் போகிறது?) கூப்பிட்டதற்கு ஓர் அடையாளம், அவ்வளவே.

ஆக, தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு வந்த ஒரு பிள்ளை "ரெஸ்பெக்டட் சார்!" என்று எழுதினால், அது படித்ததை ஒழுங்காகச் செய்கிறது என்றுதான் அர்த்தம். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் காற்புள்ளி வரவேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. இது ஒன்றும் உலகத்தில் இல்லாத வழக்கமும் இல்லை. ஜெர்மன் மொழிக் கடிதங்களில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை "மதிப்பிற்குரிய திரு. இன்னார்!" என்று ஆச்சரியக்குறி போட்டுத் தொடங்குவதுதான் மரியாதையான முறை. பிறகுதான் அந்த இடத்தைக் காற்புள்ளி பிடித்துக்கொண்டது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து, தமிழுக்கு ஓர் இலக்கணமும் எழுதிவைத்த ரேனியஸ் ஐயர் ஜெர்மன்காரர். இந்த பி.காம். பையனின் மடலை அவர் படித்திருந்தால் முதல் வரியில் தப்பு கண்டுபிடித்திருக்க மாட்டார். மற்ற நான்கு வரிகளில் கண்டுபிடித்திருப்பார் என்பது வேறு விஷயம்.

அந்த நான்கு வரிகளில் உள்ள ஏழு குறிகளுக்கு என்ன கணக்கு? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தமிழுக்கு இந்தக் குறிகளெல்லாம் அச்சோடு வந்தவை. ஓலையில் காற்புள்ளி கிடையாது, கேள்விக்குறி கிடையாது, மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வைக்காமல் விட்டுவிடுவார்கள், ஓலை கிழிந்துவிடும் என்று. உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டுச் சுவடி தேடித் திருநெல்வேலிக்கும், ஆற்றங்கரையில் இன்னும் கிழக்கே இருக்கிற ஆழ்வார்திருநகரிக்கும் வந்தாரே, அந்த வீடுகளில் அவர் கையில் எடுத்த ஏடுகளில் ஒரு ஆச்சரியக்குறியும் இருந்திருக்காது. பத்துப்பாட்டு 1889-இல் அச்சில் வந்தது. தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளை ஒழுங்காகப் போட்டு வழக்கமாக்கியவர் என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரை (1822-1879) சொல்வார்கள். அதாவது இந்தக் குறி தமிழில் வழக்கமாகி இருநூறு வருஷம்கூடச் சரியாக ஆகவில்லை.

அதற்கு முன்னால் தமிழன் ஆச்சரியப்படவில்லையா? தொல்காப்பியத்தில் ஒருவரை எப்படிக் கூப்பிடுவது என்பதற்கே விளிமரபு என்று தனி இயல் இருக்கிறது. நகை, அழுகை, அச்சம், வெகுளி என்று எட்டு மெய்ப்பாடுகளுக்கு இன்னோர் இயல். குறி இல்லையே தவிர, வேலை அத்தனையும் நடந்துகொண்டுதான் இருந்தது. சொல்லே அந்த வேலையைச் செய்தது. ஓர் ஏகாரம், ஓர் ஓகாரம், ஓர் "அந்தோ", ஓர் "அம்ம" போதும்.

வியாபாரக் கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பரணில் பழைய கடுதாசிக் கட்டு இருந்தால் எடுத்துப் பார்க்கலாம். மேலே பிள்ளையார் சுழி. பிறகு க்ஷேமம். பிறகு "இப்பவும்" என்று ஒரு சொல், விஷயம் ஆரம்பம் என்று அர்த்தம். "இப்பவும், தாங்கள் அனுப்பிய சரக்கு வந்து சேர்ந்தது." நாலு வரி போனதும் "நிற்க" என்று ஒரு சொல், அடுத்த விஷயத்துக்குத் தாவுகிறோம் என்று அர்த்தம். பாக்கியைக் கேட்பது பெரும்பாலும் அந்த "நிற்க"வுக்குப் பின்னால்தான் வரும்! பி.காம். புத்தகத்தில் பத்தி பிரிப்பது எப்படி, மரியாதை குறையாமல் பாக்கி கேட்பது எப்படி என்று நாலு பக்கம் இருக்கிறது. அண்ணாச்சிகள் அதை ஒரே சொல்லில் முடித்திருக்கிறார்கள்.

கடிதம் என்றால் தாமிரபரணிக் கரைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரசிகமணி டி.கே.சி. (1882-1954) எழுதிய கடிதங்களே புத்தகமாக வந்திருக்கின்றன. தி.க.சி. நெல்லையில் உட்கார்ந்துகொண்டு, முகம் தெரியாத இளம் எழுத்தாளர்களுக்கெல்லாம் அஞ்சலட்டை எழுதிக்கொண்டிருந்தார். அவர் மகன் வண்ணதாசன் வங்கியில் வேலை பார்த்தவர், அவருடைய கடிதத் தொகுப்புக்குப் பெயர் "எல்லோர்க்கும் அன்புடன்". தலைப்பிலேயே அன்பு இருக்கிறது. குறி எதுவும் தேவைப்படவில்லை.

அப்படியானால் இன்றைய பையனுக்கு மட்டும் ஏன் தேவைப்படுகிறது?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அவன் ஆங்கிலத்தில் எழுதுகிறான்.

திருநெல்வேலிப் பேச்சில் ஒரு ஆளைப் பார்த்து "வா" என்று மொட்டையாக யாரும் சொல்வதில்லை. "வாலே" என்றால் கூட்டாளி அல்லது தம்பி முறை. "வாரும்வே" என்றால் சமவயசு, கொஞ்சம் கிண்டலும் உண்டு. "வாங்க அண்ணாச்சி" என்றால் பெரியவர், அல்லது கடைக்காரர், அல்லது பணம் கொடுக்க வேண்டிய ஆள். "எய்யா வாய்யா" என்றால் ஆச்சி பேரனைக் கூப்பிடுகிறாள். "சார்வாள் வாங்க" என்றால் பழைய காலத்து வாத்தியார் நடந்து வருகிறார். வருகிற செயல் ஒன்றுதான். ஆனால் யார் யாரிடம் பேசுகிறார்கள், மனசில் என்ன இருக்கிறது, கோபமா, கொஞ்சலா, எல்லாம் அந்த வால் எழுத்தில் வந்துவிடுகிறது. பின்னால் ஒரு கோடும் புள்ளியும் போட்டு விளக்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்தப் பிள்ளையை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் என்ன ஆகும்? லே இல்லை, வே இல்லை, "ங்க" இல்லை, அண்ணாச்சி இல்லை. "சொல்லுங்க"வும் "சொல்லு"வும் ஒன்றாகிவிடுகின்றன. பெரியவர் முன்னால் சட்டை போடாமல் நிற்கிற மாதிரி ஒரு கூச்சம். கையில் கிடைத்த துண்டை எடுத்துப் போர்த்திக்கொள்கிறான். முதல் துண்டு "சார்". அதனால்தான் ஐந்து வரியில் மூன்று சார் வருகிறது. இரண்டாவது துண்டு ஆச்சரியக்குறி. "தேங்க்யூ சார்!!!" என்பதில் இருக்கிற அந்த மூன்று குறிகளையும் தமிழில் மாற்றினால் "ரொம்ப நன்றிங்க சார்வாள்" என்றுதான் வரும். அவன் போட்டிருப்பது ஆச்சரியக்குறி அல்ல, "ங்க".

இதைப் புரிந்துகொள்ளாமல் "வரவே கூடாது" என்று பறித்துவிட்டால், அந்த மடலில் மிச்சம் இருப்பது "ஐ வாண்ட் ஜாப். கிவ் மீ ஆப்பர்ச்சூனிட்டி." என்கிற அதட்டல் மட்டும்தான். ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்பதற்கு வேறு வாக்கிய அமைப்புகள் இருக்கின்றன. அதைச் சொல்லிக்கொடுக்காமல் குறியை மட்டும் பிடுங்குவது, பிள்ளையிடம் இருந்த ஒரே துண்டையும் உருவுவது மாதிரி. பிசினஸ் கம்யூனிகேஷன் பாடத்தில் நல்ல கடிதத்துக்குச் சுருக்கம் வேண்டும், தெளிவு வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். அதே பட்டியலில் மரியாதையும் உண்டு. வகுப்பெடுப்பவர்களுக்கு முதல் இரண்டு மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆங்கில வியாபாரக் கடிதம் மட்டும் ஏன் இவ்வளவு வறட்சியாக இருக்கிறது என்பதற்கும் காரணங்கள் உண்டு. அதில் ஒன்று வேடிக்கையானது. பழைய தட்டச்சு இயந்திரங்கள் பலவற்றில் ஆச்சரியக்குறிக்குத் தனி விசையே கிடையாது. மேற்கோள் குறியின் ஒற்றைக் கோட்டை அடித்து, ஓர் எழுத்து பின்னால் நகர்த்தி, அதன் கீழே முற்றுப்புள்ளியை அடிக்க வேண்டும். டைப் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் பாஸ் பண்ணிய பழைய ஆட்களைக் கேட்டால் செய்தே காட்டுவார்கள். ஒரு குறிக்கு மூன்று தட்டு. பாக்கி வசூல் கடிதத்துக்கு யார் இந்தச் சிரமம் எல்லாம் படுவார்கள்? பத்து விரலுக்குப் பழகிப்போன அந்த வறட்சிதான் பிறகு "ப்ரொஃபஷனல்" என்று பெயர் வாங்கிக்கொண்டது. கணினியில் ஷிஃப்டை அமுக்கிக்கொண்டு 1-ஐத் தட்டினால் போதும், விட்டால் வரிசையாக ஓடும். அங்கேதான் வினையும் ஆரம்பித்தது.

ஆபீஸ் எழுத்தில் உணர்ச்சிக்கு இடமே இல்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு ருஷ்யாவில் ஒரு கதை இருக்கிறது. அன்டன் செகாவ் 1885-இல் எழுதியது, பெயரே "ஆச்சரியக்குறி". பெரெக்ளாதின் என்று ஒரு குமாஸ்தா. நாற்பது வருஷ சர்வீஸ். நிறுத்தக்குறிகளைப் புரியாமல் பழக்கத்தில் போடுகிறீர்கள் என்று ஓர் இளைஞன் அவரைச் சீண்டிவிடுகிறான். ராத்திரி தூக்கம் வரவில்லை. காற்புள்ளி எங்கே போடுவது, தெரிகிறது. அரைப்புள்ளி, தெரிகிறது. கேள்விக்குறி, தெரிகிறது. ஆச்சரியக்குறி? நாற்பது வருஷத்தில் ஆயிரக்கணக்கான காகிதம் எழுதியும் ஒரே ஒரு ஆச்சரியக்குறிகூடப் போட்டதில்லை என்று அப்போதுதான் உறைக்கிறது. மனைவியை எழுப்பிக் கேட்கிறார். பள்ளியில் இலக்கணம் படித்த அந்த அம்மாள், கூப்பிடும்போது, மகிழ்ச்சியில், கோபத்தில், ஆத்திரத்தில் போட வேண்டும் என்கிறாள். ஆபீஸ் காகிதத்தில் அதெல்லாம் எங்கே வந்தது? பார்க்கிற இடமெல்லாம் அந்தக் குறி அவருக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. கடைசியில் பண்டிகை வாழ்த்துச் சொல்ல மேலதிகாரி வீட்டுக்குப் போகிறவர், வருகைத் தாளில் தன் பெயரை எழுதி மூன்று ஆச்சரியக்குறி போடுகிறார். போடும்போது மகிழ்கிறார், கொதிக்கிறார், பொங்குகிறார். மூன்றே கோடு, மூன்றே புள்ளி, நாற்பது வருஷத்துப் பாக்கி.

அந்தப் பக்கம் பெரெக்ளாதின், இந்தப் பக்கம் பி.காம். பையன். ஒருவருக்கு நாற்பது வருஷத்தில் மூன்று, இன்னொருவனுக்கு ஐந்து வரியில் எட்டு. இரண்டு பேருக்கும் ஒரே ஒற்றுமை: இருவரும் எழுதுவது மேலே இருக்கிற ஒருவருக்கு.

இது முக்கியமான விஷயம். யாருக்கு இந்தக் குறி தேவைப்படுகிறது, யாருக்குத் தேவைப்படவில்லை என்று கவனித்தால், ஆபீசில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். முதலாளி "ஓகே." என்று புள்ளி வைத்து அனுப்பலாம். ஒருவரும் அவருக்கு மெயில் எழுதத் தெரியவில்லை என்று சொல்ல மாட்டார்கள். அதே "ஓகே."-ஐ நேற்று சேர்ந்த பெண் அனுப்பினால் "என்ன திமிர்" என்பார்கள். "ஓகே சார்!" என்று அனுப்பினால் "சின்னப்பிள்ளைத்தனமா இருக்கு" என்பார்கள்.

கேரல் வசெலெஸ்கி என்பவர் 2006-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நூலகத் துறை சார்ந்த இரண்டு மின்னஞ்சல் குழுக்களில் வந்த 200 ஆச்சரியக்குறிகளை எடுத்து, ஒவ்வொன்றும் எதற்காகப் போடப்பட்டது என்று பிரித்துப் பார்த்தார். பெண்கள் ஆண்களைவிட அதிகம் போட்டிருந்தார்கள். ஆனால் அது படபடப்பினால் அல்ல, பெரும்பாலும் நட்பாகப் பேசுவதற்கு என்று தெரிந்தது. பெண்கள் என்றாலே உணர்ச்சிவசப்படுவார்கள், அதனால்தான் கோடு கோடாகப் போடுகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்திருக்கும்.

முற்றுப்புள்ளிக்கும் இதே கதை. நியூயார்க் மாநிலத்துப் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், குறுஞ்செய்தியில் ஒற்றைச் சொல் பதிலுக்குப் பின்னால் முற்றுப்புள்ளி வைத்தால், படிப்பவர்களுக்கு அது மனசில் இருந்து வந்ததாகத் தோன்றவில்லை. அதே பதிலைக் கையால் எழுதிய சீட்டாகக் காட்டினால் அந்த வித்தியாசம் இல்லை. ஆக, குறிக்கு என்று நிரந்தரமாக ஓர் அர்த்தம் இல்லை. எந்தத் தாளில், யார், யாருக்கு என்பதில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் சொல்வதால், எட்டுக் குறியும் இருக்கட்டும் என்று அர்த்தம் இல்லை. சில இடங்களில் அது உண்மையாகவே ஆபத்து. குறிப்பாகப் பணம் வருகிற இடங்களில்.

கணக்குப் பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எக்ஸெலில் ஆச்சரியக்குறி எப்போது கண்ணில் படும்? பூஜ்யத்தால் வகுத்தால் வரும். இருந்த கட்டத்தை அழித்துவிட்டால் வரும். எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருந்தால் வரும். மூன்று பிழைச் செய்தியின் வாலிலும் ஒரு ஆச்சரியக்குறி தொங்கும். அவுட்லுக்கில் சிவப்பு ஆச்சரியக்குறி தெரிந்தால் தலைபோகிற அவசரம். ஆக, ஆடிட்டர் ஆபீசில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு இந்தக் குறியைப் பார்த்தாலே "எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது" என்றுதான் மூளை சொல்லும். அவரைக் குறை சொல்ல முடியாது. (பிளஸ் டூ வணிகக் கணிதம் படித்தவர்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. அங்கே 5! என்றால் 120. "2 மணிக்கு வருகிறேன்" என்பதற்குப் பக்கத்தில் போட்டால் பரவாயில்லை, 2!-ம் 2 தான். சம்பள எதிர்பார்ப்புக்குப் பக்கத்தில் போட்டுவிடாதீர்கள்.)

"யுவர் பேமெண்ட் ஈஸ் ஓவர்டியூ!" என்று ஒரு சின்னக் கடைக்காரருக்குப் போகிற மடலை யோசித்துப் பாருங்கள். அனுப்பியவன் நட்பாக நினைவூட்டுகிறான். படிப்பவருக்குக் கடை வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சத்தம் போட்ட மாதிரி இருக்கும். பட்டமடைப் பாயோ கல்லிடைக்குறிச்சி அப்பளமோ வெளியூருக்கு அனுப்புகிறவர், "ஸ்டாக் ஈஸ் டிலேய்டு!" என்று எழுதினால், சரக்கு தாமதமானதில் அவருக்குச் சந்தோஷம் போலிருக்கிறது என்று வாங்குகிறவர் நினைப்பார். மன்னிப்புக் கேட்கிற வரியில் ஆச்சரியக்குறி போட்டால் மன்னிப்பு செத்துவிடும். துக்கம் விசாரிக்கிற வரியில் போட்டால்... ஜங்ஷன் சுவர்களைப் பார்த்தால் போதும். "வருக! வருக!" என்று கல்யாணப் போஸ்டரிலும் மூன்று குறி, "கண்ணீர் அஞ்சலி!" என்று பக்கத்துப் போஸ்டரிலும் மூன்று குறி. புகைப்படத்தில் மாலை இருக்கிறதா என்று பார்த்துத்தான் எது எது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொரு ஆபத்து, இது பணம் போகிற வழி. "கங்கிராஜுலேஷன்ஸ்!!! யூ ஆர் செலக்டட்!!!" என்று வருகிற வேலை மடல்கள். பெரிய கம்பெனி பெயர் இருக்கும், அடியில் திருப்பித் தரப்படும் டெபாசிட் என்று ஒரு தொகையும் இருக்கும். படித்து முடித்து வீட்டில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள், அம்மா சேர்த்துவைத்த சீட்டுப் பணத்தை இதில் கட்டிவிட்டு நிற்கிறார்கள். வரிசையாக ஆச்சரியக்குறி வந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று இயந்திரத்துக்குக்கூடத் தெரிந்திருந்தது. ஸ்பாம்அசாசின் என்கிற குப்பை மடல் வடிகட்டியில் "பிளிங் பிளிங்" என்று ஒரு விதியே வைத்திருந்தார்கள். பிளிங் என்றால் கணினிக்காரர்கள் பாஷையில் ஆச்சரியக்குறி. மடலின் தலைப்பில் அது கூட்டமாக வந்தால் சந்தேகக் கணக்கில் மதிப்பெண் ஏறும். பையனின் "ஜாப் அப்ளிகேஷன்!!!" என்கிற தலைப்பு ஆடிட்டர் கண்ணுக்கே போகாமல் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. பணிவு என்று நினைத்துப் போட்டது, மோசடிக்காரன் வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

இத்தனைக்கும் ஒரு தலைமுறைக்கு முதல் மின்னஞ்சல் முகவரி கொடுத்த கம்பெனியின் பெயரிலேயே ஆச்சரியக்குறி ஒட்டிக்கொண்டிருந்தது. யாகூ! என்று அந்தக் கம்பெனி தன் பெயரோடு சேர்த்தே எழுதியது. அதுவும் உற்சாகத்தில் வைத்தது அல்ல. யாகூ என்ற பெயரை வேறு பொருள்களுக்கு ஏற்கெனவே மற்றவர்கள் பதிவு செய்து வைத்திருந்தார்கள், அதில் சாஸும் ஒன்று. வேறுபடுத்திக் காட்டக் குறியைச் சேர்த்தார்கள். வணிகக் குறியீட்டுச் சட்டம் படிக்கிறவர்கள் கவனிக்கலாம், ஒரு கோடும் புள்ளியும் சொத்தாகிவிட்டது. தமிழ் மடலாடற்குழுக்கள் பல அந்த யாகூ குழுமங்களில்தான் வளர்ந்தன. 2020 டிசம்பரில் அதையும் மூடிவிட்டார்கள்.

குறி எதுவும் இல்லாமலே உயிரை உலுக்கிய ஒரு எழுத்து வகை இருந்தது. தந்தி. "ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி." நான்கே சொல். சொல்லுக்குக் காசு. அதில் உணர்ச்சிக்குறி போட வழியும் இல்லை, போட நினைத்தவரும் இல்லை. ஆனால் தந்திச் சேவகர் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் அழுகை ஆரம்பித்துவிடும். பம்பாயில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு திருநெல்வேலிக்கு ரயில் ஏறுவார். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தி நின்றுபோனது. விஷயம் கனமாக இருந்தால் குறி வேண்டாம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆனால் வேலை கேட்கிற மடலில் விஷயம் அவ்வளவு கனம் இல்லை. படிப்பவருக்கு அது நாற்பதில் ஒன்று. எழுதுகிறவனுக்கு மட்டும்தான் அது தந்தி.

சரி, அந்த மடலை என்ன செய்வது? "ரெஸ்பெக்டட் சார்" என்பதற்குப் பின்னால் காற்புள்ளி போட்டுவிடலாம், ஆங்கிலக்காரன் வழக்கம் அது, அவன் மொழியில் எழுதும்போது அவன் வழக்கம். பி.காம். படிப்பது ஒரு தகவல், அதில் வியக்க எதுவும் இல்லை, ஒரு லட்சம் பேர் கேட்டாலும் அது தகவல்தான், முற்றுப்புள்ளி. ரெஸ்யூமே இணைத்திருப்பதும் அப்படியே. (இணைத்தாயிற்றா என்று இரண்டு முறை பார்ப்பது நல்லது, ஆச்சரியக்குறிகளோடு இணைப்பு இல்லாமல் வருகிற மடல்கள் நிறைய.) "கிவ் மீ ஒன் ஆப்பர்ச்சூனிட்டி" என்பது கெஞ்சல். அதை எடுத்துவிட்டு, டேலி தெரியும், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடக் கொஞ்சம் பழகியிருக்கிறேன், மே மாதம் முழுக்க வர முடியும் என்று எழுதினால் அங்கே குறி போடவே கை போகாது. சொல்வதற்கு ஒன்றும் இல்லாதபோதுதான் கை ஷிஃப்டைத் தேடும்.

கடைசி வரி "தேங்க்யூ சார்!!!" இரண்டை எடுத்துவிட்டு ஒன்றை விட்டுவைக்கலாம். பலகையில் சிவப்புப் பெருக்கல் போட்டவர் ஒத்துக்கொள்ள மாட்டார். போகட்டும். நன்றி சொல்லும்போது தலை லேசாகக் குனிகிறது அல்லவா, அந்த அளவுக்கு அது. ஜிமெயிலே இப்போது பதில் எழுதுவதற்குள் "தேங்க்யூ!" என்று குறியோடு தயாராக நீட்டுகிறது, பெரிய பெரிய மேனேஜர்கள் எல்லாம் அதைத்தான் ஒரு தட்டு தட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இயந்திரம் போட்டுக்கொடுக்கிற குறியை, வள்ளியூரில் இருந்தோ அம்பாசமுத்திரத்தில் இருந்தோ பஸ் ஏறி வந்து படிக்கிற பிள்ளை தன் கையால் போட்டால் என்ன கெட்டுவிடப் போகிறது?

மடல் போகும். இரண்டு நாள் கழித்து ஆடிட்டர் ஆபீசில் இருந்து பதில் வரும். "கம் ஆன் மண்டே." அவ்வளவுதான், ஒரு முற்றுப்புள்ளியோடு. அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு, சார் கோபமாக இருக்கிறாரோ என்று ஞாயிற்றுக்கிழமை ராத்திரி முழுக்க ஒருவன் புரண்டு படுப்பான்.